தக்கைப் பலகையும் மின்பலகையும்: சிறு குழுக்களின் செய்திப் பலகை உருவான வரலாறு

முன்னுரை

பள்ளி ஆசிரியர் அறையிலும் கல்லூரி நடைவழியிலும் தொங்கும் அறிவிப்புப் பலகைக்கு எழுதப்பட்ட விதிகள் இல்லை. வழியே செல்பவர் எவரும் ஒரு தாளைக் குத்திவிட்டுப் போகலாம். அதில் தம் பெயரை எழுதலாம், எழுதாமலும் விடலாம். பிறர் குத்திய தாளைப் பிடுங்கி எறிவதற்கும் தடை ஏதுமில்லை. ஆயினும் பெரும்பாலோர் அவ்வாறு செய்வதில்லை. இடம் நிறைந்துவிட்டால் பழைய தாளின்மேல் புதிய தாள் ஏறும். தாள்கள் மிகுந்தபின் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் அகற்றிப் பலகையை வெறுமையாக்குவார். அவருக்கு அந்த உரிமையை வழங்கியவர் யார் என எவரும் கேட்பதில்லை.

இப்பலகையைக் கணினிக்குள் கொண்டுவர 1970களில் முயன்றவர்கள், எழுதப்படாத இப்பழக்கங்கள் பொறிக்குள் தாமாக நுழைவதில்லை என்பதை விரைவில் கண்டுகொண்டனர். எழுதத் தகுதியுடையவர் யார், எழுதியவர் அவரே என்பதை எவ்வாறு உறுதிசெய்வது, எழுதியதை அழிக்கும் உரிமை யாருக்கு, அது எத்துணைக் காலம் நிலைத்திருக்கும் ஆகிய ஒவ்வொன்றையும் கட்டளையாக எழுதவேண்டியதாயிற்று. எழுதாமல் விட்டபோது அதுவும் ஒரு விதியாகவே செயற்பட்டது.

மின்செய்திப் பலகையின் வரலாற்றைப் பொறிகளின் வேகமும் கொள்ளளவும் பெருகிய கதையாக எழுதுவதே பெருவழக்கு. அவ்வாறு எழுதும்போது ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையை விஞ்சியது என்ற தோற்றம் ஏற்படும். மேற்கூறிய வினாக்களை முன்வைத்து நோக்கினால் வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. 1973இல் தீர்க்கப்பட்ட ஒரு சிக்கல் 1995இல் மீண்டும் தலைதூக்கியதைக் காண்கிறோம். அமெரிக்காவில் எழுந்த மூன்று தொடக்கக் கால முயற்சிகளையும் வலைத்தளக் காலத்தில் அவற்றின் வழிவந்த எளிய பலகைகளையும் இக்கட்டுரை இந்நோக்கில் ஆராய்கிறது. தமிழில் எழுதிய குழுக்களின் நிலை இறுதிப் பகுதியில் சுட்டப்பெறும்.

பெர்க்லி: இசைத்தட்டுக் கடையில் ஒரு பொறி

கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் மாணவர் ஆதரவில் இயங்கிய 'லியோபோல்ட்ஸ் ரெக்கார்ட்ஸ்' என்னும் இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி முடியும் இடத்தில், 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு தொலைத்தட்டச்சுப் பொறி வைக்கப்பட்டது. அதன் அருகிலேயே இசைக்கலைஞர்கள் துணைக்கலைஞர்களைத் தேடித் தாள் குத்திவைக்கும் வழக்கமான பலகையும் இருந்தது. எஃப்ரம் லிப்கின், லீ ஃபெல்சன்ஸ்டைன், மார்க் ஷ்பகோவ்ஸ்கி, கென் கோல்ஸ்டட், ஜூட் மில்ஹன் ஆகியோர் இத்திட்டத்தில் பங்குகொண்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கம்யூனிட்டி மெமரி'. தமிழில் ஊர்நினைவு எனலாம்.

கணினி கடையில் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் 'ரிசோர்ஸ் ஒன்' என்னும் அமைப்பு ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் பேணிவந்த எஸ்டிஎஸ் 940 வகைப் பெருங்கணினியே இதற்கு ஆதாரம். பெர்க்லியிலிருந்த பொறி தொலைபேசி வழியாக அதனுடன் இணைந்தது. நொடிக்குப் பத்து எழுத்துகளே கடந்தன. அப்பொறி ஆங்கிலப் பேரெழுத்துகளை மட்டுமே அச்சிடும்; ஓசையும் மிகுதி. கடைக்கு வருவோருக்கு இடையூறாகாதவாறு அதனை ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளே ஓசை தடுக்கும் பஞ்சுப்பொருளை ஒட்டி, கைகளை நுழைப்பதற்கு இரண்டு துளைகள் இட்டிருந்தனர். கணினி என்றால் வங்கிக்கும் அரசுக்கும் உரியது என்று எண்ணிய காலத்தில், அஞ்சுவோருக்கு உதவ ஒருவர் எப்போதும் பொறியின் அருகில் அமர்ந்திருந்தார். மின்பலகை வரலாற்றை எழுதுவோர் இந்த உதவியாளரைப் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். என் கருத்தில், அந்தப் பலகையின் முதல் நெறியாளர் அவரே.

பயனாளர் அறிந்துகொள்ள வேண்டிய முதன்மைக் கட்டளைகள் இரண்டு: சேர்த்தல், தேடல். செய்தியைச் சேர்ப்பவர் தாமே அதற்குரிய குறிச்சொற்களை அளிக்க வேண்டும். தேடுபவர் ஒரு சொல்லைத் தட்டினால் அச்சொல்லைக் கொண்ட செய்திகள் வெளிப்படும். பொருட்பிரிவுகளை முன்கூட்டியே வகுக்காமல், வகுக்கும் பொறுப்பை எழுதுபவரிடமே விட்டது இவ்வமைப்பின் துணிவான கூறாகும். வேலை, வீடு, வாகனப் பகிர்வு ஆகியவற்றுக்கே இது பயன்படும் என அமைப்பாளர்கள் எதிர்பார்த்தனர். அவையும் வந்தன. ஆனால், சதுரங்கத் துணை தேடியவர்களும் கவிதை எழுதியவர்களும் எவரிடமும் எதையும் கேளாமல் சுவர்க்கிறுக்கல்போல் எழுதிச் சென்றவர்களும் வந்தார்கள். நல்ல 'பேகல்' ரொட்டி எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். கடைகளைச் சுட்டும் விடைகளோடு, அதைச் சுடக் கற்றுத்தரும் ஒருவரைத் தொடர்புகொள்ள வழிசொல்லும் விடையும் வந்தது. அறிவிப்பு உரையாடலாக மாறும் தருணத்துக்கு இது நல்ல சான்று.

பெயர் இடுவது கட்டாயமில்லை. 'பென்வே' என்னும் புனைபெயரில் ஒருவர் தொடர்ந்து விந்தையான செய்திகளை எழுதிவந்தார். அது வில்லியம் பரோஸ் படைத்த ஒரு கதைமாந்தரின் பெயர். தக்கைப் பலகையின் திறந்த தன்மையையும் பெயரின்மையையும் கம்யூனிட்டி மெமரி அப்படியே ஏற்றுக்கொண்டது எனலாம். அதனால் கிடைத்த வளம் பெரிது. வரம்பும் உண்டு: எழுதியவர் யார் என்பது வாசகரின் ஊகத்துக்கே விடப்பட்டது.

பழைய பெருங்கணினியைப் பேணும் செலவைத் தாங்கவியலாமல் இம்முதல் முயற்சி 1975 சனவரியில் நின்றது. 1980களில் அது மறுவடிவம் பெற்றது. அப்போது பொது இடங்களில் நாணயம் இடும் முனையங்கள் நிறுவப்பட்டன. படிப்பதற்குக் கட்டணமில்லை, கருத்து எழுதுவதற்கு 25 காசு, புதிய அரங்கு ஒன்றைத் தொடங்குவதற்கு ஒரு டாலர். தக்கைப் பலகையில் குண்டூசிகளின் எண்ணிக்கையும் இடத்தின் அளவும் செய்த வேலையை இங்கு நாணயம் செய்தது. அத்திட்டம் 1992இல் முடிவுற்றது.

அர்பானா: கையொப்பம்

பெர்க்லியில் பொறி வைக்கப்பட்ட அதே ஆகஸ்டில், இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் வேறொரு பலகை தொடங்கப்பட்டது. இரண்டு குழுவினரும் ஒருவரையொருவர் பின்பற்றியதாகச் சான்றில்லை.

டொனால்ட் பிட்சர் தலைமையில் 1960இல் தொடங்கிய 'பிளேட்டோ' ஒரு கணினிவழிக் கல்வித் திட்டம். மாணவர் தனித்தனி முனையத்தில் அமர்ந்து பாடம் கற்பதற்காக உருவாக்கப்பட்ட அது, 1970களில் நூற்றுக்கணக்கான முனையங்களைக் கொண்டதாக வளர்ந்திருந்தது. பாட மென்பொருளில் தென்படும் பிழைகளைப் பயனாளர் தெரிவிப்பதற்காக ஒரு பொதுக் கோப்பு வைக்கப்பட்டிருந்தது. எவரும் அதைத் திறந்து எழுதலாம். அதனாலேயே எவரும் அதில் பிறர் எழுதியதை மாற்றலாம், அழிக்கலாம், பிறர் பெயரிலும் எழுதலாம். பிழையைச் சுட்டுவதற்கான கோப்பே நம்பத்தகாததாக இருந்தது.

இதனைச் சீர்செய்யும் பணி அப்போது பதினேழு வயதினராக இருந்த டேவிட் வுல்லி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 'நோட்ஸ்' எனப் பெயர்பெற்ற அவருடைய மென்பொருள், ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவரின் பெயரையும் நாளையும் தானாகவே பொறித்தது. எழுதுபவர் அதை மாற்ற இயலாது. பிறர் எழுதியதிலும் கைவைக்க இயலாது. ஒவ்வொரு குறிப்பின்கீழும் மறுமொழிகள் வரிசையாகத் தொடர்ந்தன. முதலில் அமைப்பு அறிவிப்புகள், உதவிக் குறிப்புகள், பொதுக் குறிப்புகள் என மூன்று பகுதிகளே இருந்தன.

இன்று இது இயல்பானதாகத் தோன்றுவதால் இதன் சிறப்பு புலப்படுவதில்லை. தக்கைப் பலகையில் இல்லாத ஒன்றை, அதாவது பொய்யாக இடவியலாத கையொப்பத்தை, வுல்லி பலகைக்குள் வைத்தார். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவரும் தமக்குரிய பெயரும் கடவுச்சொல்லும் இட்டே கணினிக்குள் நுழைந்தமையால்தான் இது இயன்றது. இசைத்தட்டுக் கடையின் படியேறி வருபவருக்கு அத்தகைய அடையாளம் கிடையாது. ஆகவே, பெர்க்லியின் பெயரின்மையையும் அர்பானாவின் கையொப்பத்தையும் அமைப்பாளரின் விருப்பு வெறுப்பாக மட்டும் கொள்வது பொருந்தாது. பலகை எங்கே மாட்டப்பட்டது என்பதே பாதி விடையைத் தந்துவிட்டது.

சிறு குழுக்களின் வரலாற்றுக்கு இதனினும் முதன்மையானது 1976 சனவரியில் வெளிவந்த 'குழுக் குறிப்புகள்' என்னும் விரிவாக்கம். இதன்படி எந்தவொரு சிறு குழுவும் தனக்கென ஒரு குறிப்புக் கோப்பைத் தொடங்கலாம். அதற்கு ஒரு நெறியாளர் இருப்பார். யார் படிக்கலாம், யார் எழுதலாம், யாருக்கு இரண்டும் இல்லை என்பதை அவர் பட்டியலிட்டு வரையறுப்பார். பொருந்தாத குறிப்பை நீக்கும் உரிமையும் அவருக்கு உண்டு. தக்கைப் பலகையை என்றோ ஒருநாள் வெறுமையாக்கும் அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு முதன்முறையாகப் பெயரும் பதவியும் கிடைத்தன. பாடத்திட்டக் குழுக்கள், விளையாட்டு ஆர்வலர்கள், நூல் வாசகர்கள் எனப் பலரும் தத்தமக்கென அரங்குகள் அமைத்துக்கொண்டதற்கு இவ்வேற்பாடு வழிவகுத்தது. கல்விக்காக அமைந்த கணினி உரையாடலுக்கும் களமாயிற்று. பாடத்துக்காகக் கூடியவர்களைப் பேச்சு பிணைத்தது என்பது ஆசிரியர்களுக்குப் புதுச்செய்தியாக இராது.

சிகாகோ: வீட்டுக்குள் ஒரு பலகை

பெர்க்லி, அர்பானா ஆகிய இரண்டு முயற்சிகளுக்கும் பெருங்கணினி தேவைப்பட்டது. தனிமனிதர் தம் வீட்டில் ஒரு செய்திப் பலகையை அமைக்கலாம் என்பதை மெய்ப்பித்தவர்கள் வார்டு கிறிஸ்டென்சன் (1945-2024), ரேண்டி சூஸ் (1945-2019) ஆகிய இருவர். இருவரும் சிகாகோ வட்டாரக் கணினி ஆர்வலர் மன்றத்தின் உறுப்பினர்கள். 1978 சனவரியில் பெய்த கடும் பனியால் வீட்டைவிட்டு வெளியேற இயலாத நாளொன்றில் தொலைபேசியில் உரையாடியபோது இத்திட்டம் உருவானது. மன்றத்தின் செய்தி மடலுக்கான கட்டுரைகளை உறுப்பினர் தொலைபேசி வழியாகவே அனுப்புவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது கிறிஸ்டென்சனின் முதல் எண்ணம். மன்றக் குழுவிடம் கொண்டுசென்றால் காலம் வீணாகும், நாம் இருவருமே செய்துவிடலாம் என்பது சூஸின் கருத்து. கிறிஸ்டென்சன் மென்பொருளை எழுதினார். சூஸ் வன்பொருளைச் சேர்த்தார். 1978 பிப்ரவரி 16 அதன் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

'கணினிமயப் பலகை அமைப்பு' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அது சிபிபிஎஸ் எனப்பட்டது. மன்றக் கூட்டத்தில் இருந்த, அட்டைகளைக் குண்டூசியால் குத்திவைக்கும் தக்கைப் பலகையே தங்களுக்கு முன்மாதிரி என்பதை இருவரும் வெளிப்படையாகவே கூறியுள்ளனர். அவ்வாண்டு நவம்பரில் 'பைட்' இதழில் தங்கள் அமைப்பை விளக்கி ஒரு கட்டுரையும் எழுதினர். பிறர் அதனைப் படித்துத் தத்தம் ஊரில் பலகை அமைக்கத் தொடங்கியதற்கு அக்கட்டுரை பெரிதும் துணைபுரிந்தது.

சிபிபிஎஸ் இயங்கிய முறை எளியது. சூஸின் வீட்டில் ஒரு சிறு கணினி, நெகிழ்வட்டு இயக்கி, மோடம், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. மணி ஒலித்ததும் கணினி விழித்துக்கொள்ளும். அழைத்தவர் செய்திகளின் சுருக்கப் பட்டியலைப் பார்ப்பார், எண்ணைக் குறிப்பிட்டு வேண்டியதைப் படிப்பார், தம் செய்தியை எழுதுவார், தொடர்பைத் துண்டிப்பார். அதுவரை பிறருக்கு இணைப்பு கிடைக்காது. ஆகவே, பலகையின் முன் எந்நேரமும் ஒருவரே நிற்க இயலும். நொடிக்கு ஏறத்தாழ முப்பது எழுத்துகள் என்னும் வேகத்தில் நீண்ட கட்டுரைகளுக்கு இடமில்லை. சுருங்கச் சொல்லும் வழக்கத்தைக் கம்பியே கற்பித்தது எனலாம்.

பலகை கிறிஸ்டென்சனின் வீட்டில் வைக்கப்படாமல் சூஸின் வீட்டில் வைக்கப்பட்டமைக்கும் காரணம் உண்டு. சூஸின் வீடு சிகாகோ நகருக்குள் இருந்ததால் சுற்றுவட்டாரத்தினர் குறைந்த கட்டணத்தில் அழைக்க முடிந்தது. இச்சிறு செய்தியில் ஒரு பெரிய வரலாற்றுண்மை அடங்கியுள்ளது. அடுத்த பதினைந்து ஆண்டுகள் வீட்டுப் பலகைகள் பலவும் ஓர் ஊரினரின் பலகைகளாகவே விளங்கின. எல்லையை வகுத்தது தொலைபேசிக் கட்டணம். சந்தித்துக்கொள்ளக்கூடிய தொலைவில் வாழ்ந்தோரே ஒரே பலகையில் எழுதினர். எழுத்தில் தொடங்கிய பூசலை நேரில் பேசித் தீர்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய 'ஃபைடோநெட்', கட்டணம் குறைந்த நள்ளிரவு வேளையில் ஒரு பலகை மற்றொரு பலகையைத் தானே அழைத்துச் செய்திகளைக் கைமாற்றும் முறையை ஏற்படுத்தியபோது இவ்வெல்லை தளர்ந்தது.

சிபிபிஎஸ்ஸில் அதிகாரம் எங்கே இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. அர்பானாவின் நெறியாளர் பல்கலைக்கழகக் கணினியில் ஒரு பகுதியை ஆண்டவர். அவருக்கு மேலே நிறுவனம் இருந்தது. சூஸோ வீட்டுக்காரர். மின்கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் அவருடையவை. வருபவர் விருந்தினர். பின்னாளில் இத்தகைய பலகைகளை நடத்தியோர் 'சிசாப்' எனப்பட்டனர். விருந்தினரிடம் வீட்டுக்காரர் நடந்துகொள்ளும் முறையே பலகையின் முறையாயிற்று. நல்ல வீட்டுக்காரர் வாய்த்த இடத்தில் பலகை தழைத்தது. அவர் சோர்ந்துபோனால், வீடு மாறினால், வட்டு பழுதானால் பலகையும் மறைந்தது. 1980களில் எழுதப்பட்ட வீட்டுப் பலகைச் செய்திகளில் மிகப் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை. ஜேசன் ஸ்காட் 1998இல் தொடங்கிய 'டெக்ஸ்ட்ஃபைல்ஸ்' தொகுப்பும் அவர் 2005இல் வெளியிட்ட ஆவணப்படமும் எஞ்சியவற்றைக் காத்த அரிய முயற்சிகளாகும்.

அழிக்கும் உரிமை

எழுதியதை அழிக்கும் உரிமை யாருக்கு என்னும் வினாவுக்கு மேற்கண்ட அமைப்புகள் அளித்த விடைகள் நெறியாளரையோ வீட்டுக்காரரையோ சார்ந்திருந்தன. 1985இல் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் தொடங்கிய 'வெல்' என்னும் அரங்கு வேறொரு கொள்கையை முன்வைத்தது: எழுதியவரின் சொற்கள் எழுதியவருக்கே உரியவை. சொல்லின் பொறுப்பும் அவருடையது, அதைத் திரும்பப்பெறும் உரிமையும் அவருடையது. அங்கு புனைபெயரில் மறைய இயலாது.

கொள்கையளவில் இதைவிட நேர்மையானது வேறில்லை எனத் தோன்றும். 1990இல், நெடுநாள் உறுப்பினர் ஒருவர் தாம் பல்லாண்டுகளாக எழுதியவை அனைத்தையும் ஒருசேர அழித்தார். ஹோவர்ட் ரைங்கோல்ட் 1993இல் வெளியிட்ட தம் நூலில் இந்நிகழ்வைப் பதிவு செய்துள்ளார். அழிந்தவை அவருடைய சொற்கள் மட்டுமல்ல. அவருக்கு மறுமொழி எழுதியோரின் சொற்களும் பொருளிழந்தன; கேள்வியற்ற விடைகளாக அவை நின்றன. கடிதத்தை எழுதியவர் அதனைத் திரும்பக் கேட்கலாம். உரையாடலில் ஒருவர் தம் பங்கை மட்டும் பிரித்தெடுத்துச் செல்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு அன்றும் ஒருமித்த விடை கிட்டவில்லை. ஆயினும், சிறு குழு ஒன்று பலகை அமைக்கும்போது இதனைத் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்வது நன்று என்பது என் துணிபு. பூசல் எழுந்தபின் வகுக்கப்படும் விதியை எவரும் பொதுவிதியாக ஏற்பதில்லை. தமக்கு எதிராக வகுக்கப்பட்டதாகவே கருதுவர்.

வலைத்தளத்தில் மீண்டும் தக்கைப் பலகை

1990களின் நடுப்பகுதியில் வலைத்தளம் பரவியபோது, கணினித்துறை சாராத குழுக்களும் பலகை வேண்டுமெனக் கேட்கத் தொடங்கின. அவர்களுக்குப் பெருமளவில் கைகொடுத்தது மேட் ரைட் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவர் 1995இல் எழுதி இலவசமாக வழங்கிய 'டபிள்யுடபிள்யுடபிள்யுபோர்டு' என்னும் சிறு நிரல். அதனை வழங்கியில் ஏற்றி, சில வரிகளில் இருப்பிட முகவரியைத் திருத்தினால் போதும்; பலகை இயங்கும். தரவுத்தளம் வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்தியும் தனித்தனி வலைப்பக்கமாக ஒரே அடைவுக்குள் எண்வரிசையில் சேமிக்கப்பட்டது. முதற்பக்கத்தில் தலைப்புகளும் அவற்றின்கீழ் மறுமொழிகளும் படிப்படியாக உள்தள்ளித் தோன்றின.

இந்நிரலில் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இல்லை. பெயருக்கான கட்டத்தில் எவரும் எப்பெயரையும் எழுதலாம். ஆசிரியர் பெயரில் மாணவரும், ஒருவர் பெயரில் அவருடைய எதிரியும் எழுதுவதற்குத் தடையில்லை. பிளேட்டோவின் பொதுக் கோப்பில் எழுந்து, வுல்லியால் 1973இல் தீர்க்கப்பட்ட அதே சிக்கல் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் பிறந்தது. வலைத்தளம் இசைத்தட்டுக் கடையின் மாடிப்படியைப் போன்றது. வருபவருக்கு அடையாளம் இல்லை. போதாக்குறைக்கு, நெறியாளரின் மறையாக்கப்பட்ட கடவுச்சொல் அடங்கிய கோப்பு, அமைப்பின் இயல்பு நிலையில், எவரும் திறக்கக்கூடிய அடைவிலேயே இருந்தது. நிரலுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றாமலே விட்ட தளங்களும் இருந்தன.

ஜேம்ஸ் அட்கின்சன் தம் சொந்த வலைத்தளத்துக்காக 2000ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய 'பிஎச்பிபிபி' போன்ற மென்பொருள்கள் பதிவு, கடவுச்சொல், குழு அனுமதி, நெறியாளர் உரிமை ஆகியவற்றை மீண்டும் கொண்டுவந்தன. அர்பானாவின் குழுக் குறிப்புகள் 1976இல் பெற்றிருந்த ஒழுங்கு, எளியோர் கைக்கும் எட்டிய நிலை இது. செய்திகள் தரவுத்தளத்துக்குள் சென்றன.

இங்கு ஒரு முரணைச் சுட்டவேண்டும். பாதுகாப்பற்ற பழைய நிரல் செய்திகளைத் திறந்த வலைப்பக்கங்களாக வைத்தமையால், 1996இல் தொடங்கிய இணைய ஆவணகம் அவற்றுள் ஒரு பகுதியையேனும் படியெடுத்துக் காக்க முடிந்தது. கடவுச்சொல் காத்த குழுக்களின் அரங்குகளுக்குள் ஆவணகத்தால் நுழைய இயலவில்லை. தரவுத்தளம் இருந்த வழங்கிக்குச் சந்தா நின்றதும் அனைத்தும் மறைந்தன. பெருநிறுவனங்களின் நிழலில் இருந்தோர்க்கும் இதே நிலைதான்: ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது, யாகூ குழுமங்கள் 2019இன் இறுதியில் உள்ளடக்கத்தை நீக்குவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் முற்றிலும் நின்றன. மிக நன்றாகப் பூட்டிய வீட்டின் ஏடுகளே முதலில் அழிந்தன.

எழுத்தும் எஞ்சுதலும்

இதுவரை கண்ட தொடக்கக் காலப் பலகைகள் யாவும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்ற ஆஸ்கி முறையையோ அதனையொத்த குறியேற்றத்தையோ சார்ந்தவை. தமிழருக்கு அவற்றில் இடம் இருந்தது, தமிழுக்கு இல்லை. வலைத்தளக் காலத்தில் இத்தடை நீங்கியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முத்து நெடுமாறனும் தமிழைக் கணினிக்கும் இணையத்துக்கும் கொண்டுவர ஆற்றிய பணிகளை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடைபெற்ற முதல் தமிழ் இணைய மாநாட்டில் மையச் சிக்கலாக நின்றது, ஒவ்வொரு மென்பொருளும் வெவ்வேறு குறியேற்றத்தைப் பின்பற்றியமையே. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டின் வழி டாம், டாப் ஆகிய தரப்பாடுகள் உருவாயின. பல நாடுகளில் வாழ்ந்த ஆர்வலர்கள் மின்வழியே கலந்துரையாடி உருவாக்கிய திஸ்கியும் வழக்கில் இருந்தது. யூனிகோடு 1991 முதலே தமிழுக்கு இடமளித்திருந்தபோதிலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வெளிவந்த பின்னரே அது பொதுப் பயனாளரை எட்டத் தொடங்கியது.

எளிய பலகை நிரல்களுக்கு இவ்வேறுபாடு எதுவும் தெரியாது. தட்டப்பட்ட குறியெண்களை அப்படியே சேமித்துவைத்தன. ஒரே பலகையில் ஒருவர் திஸ்கியிலும் மற்றொருவர் வேறு எழுத்துருவிலும் எழுத, ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் மேற்கண்டத்துக் குறியுடைய இலத்தீன் எழுத்துகளின் குவியலாகத் தோன்றியது. ஆகவே, பல குழுக்கள் எழுதத் தொடங்குவதற்கு முன்பே எந்த எழுத்துருவில் எழுதுவது என்பதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது. மேலே கூறிய விதிகளோடு தமிழ்க் குழுக்களுக்கு மட்டும் இன்னொரு விதி கூடுதலாகச் சேர்ந்தது என்க. சில குழுக்கள் ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதுவதோடு அமைந்தன. அழகற்றதாயினும் அவர்கள் எழுதியதே இன்று எந்தக் கருவியும் இன்றிப் படிக்கக் கிடைக்கிறது.

ஆவணகத்தில் எஞ்சியுள்ள அக்காலத் தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால், பொருளற்ற குறிகளே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. அவை அழிந்துவிடவில்லை. எக்குறியேற்றத்தில் எழுதப்பட்டவை என்பது தெரிந்தால் மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிப் படிக்கலாம். பக்கத்தின் மூலநிரலில் எழுத்துருவின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் வேலை எளிது. குறிக்கப்படாத இடங்களில், அடிக்கடி வரும் ஒரு சொல்லை ஊகித்து, அதன் குறிகளை ஒவ்வொரு குறியேற்ற அட்டவணையோடும் ஒப்பிட்டே கண்டறிய வேண்டும். செய்தியின் தொடக்கத்தில் எழுதுவோர் வழக்கமாக இட்ட 'வணக்கம்' என்னும் சொல் இதற்குப் பெரிதும் உதவுகிறது. ஐந்தே எழுத்துகளில் இரண்டு மெய்களும் ஒரே உயிர்மெய் வரிசையைச் சேர்ந்த மூன்று எழுத்துகளும் அதில் அமைந்திருப்பதால் குறியேற்றத்தை விரைவில் அடையாளம் காண முடிகிறது.